கடைக் கணினிகளின் உலாவியில் எந்தெந்த நீட்சிகளைப் போடலாம்?

மத்தியவீதிக் கடை · திங்கள், காலை 8.50

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை நகருக்குள் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, பிரிண்ட், தமிழ்த் தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான் வேலை. ஆனால் பெறுபேறு வெளியாகும் நாளிலும் பல்கலைக்கழக விண்ணப்பக் காலத்திலும் பிள்ளைகள் தாய் தகப்பனோடு வாசல்வரை நிற்பார்கள். மூதூர், குச்சவெளிப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. திரும்பிப் போகும் பஸ்ஸை அவர்கள் தவறவிடாமல் வேலையை முடித்துக் கொடுக்கவேண்டும்.

கணினிகள் பழையவை. ஒன்றில் விண்டோஸ் 7, மற்றவற்றில் விண்டோஸ் 10. ரேம் 4 ஜிபி. முன்பு கடையில் நின்ற தம்பி உலாவியில் ஏகப்பட்ட நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) போட்டு வைத்திருக்கிறார். வானிலை காட்ட ஒன்று, பிடிஎஃப் மாற்ற ஒன்று, வீடியோ இறக்க ஒன்று, தள்ளுபடிக் கூப்பன் தேட ஒன்று. இப்போது குரோம் திறக்கவே நேரம் எடுக்கிறது. கூகுளில் தேடினால் கேள்விப்படாத ஏதோ ஒரு தளத்துக்குப் போய் நிற்கிறது.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தேவையானதை மட்டும் போட நினைக்கிறேன். கடந்தகால வினாத்தாள் தளங்களில் வரும் போலி டவுன்லோட் பொத்தான்களைத் தடுக்கவேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ள தளங்களை வாசிக்க வழி வேண்டும். இணையம் அறுந்தாலும் பார்க்கிற மாதிரிப் பக்கங்களைச் சேமிக்கவேண்டும். பலருடைய கை படும் கணினி என்பதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


உப்புவெளி · திங்கள், காலை 11.15

அண்ணே, முதலில் துப்புரவு. குரோமின் மேல் மூலையில் புதிர்த்துண்டு போல ஒரு சின்னம் இருக்கும். அதற்குள் போய் எல்லா நீட்சிகளையும் நீக்குங்கள். முடக்கி வைத்தால் போதாது, நீக்கவேண்டும். பிறகு அமைப்புகளில் 'மீட்டமை' என்பதைக் கொடுத்தால் தேடுபொறியும் முதல் பக்கமும் பழைய நிலைக்கு வரும். தேடல் வேறு தளத்துக்குப் போவது இந்த நீட்சிகளில் ஒன்றின் வேலையாகத்தான் இருக்கும். நீக்க விடாமல் ஏதாவது ஒன்று அடம்பிடித்து, மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று தெரிந்தால், அது விண்டோஸுக்குள்ளேயே ஒரு விதியை எழுதிவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் இங்கே சொல்லுங்கள், தனியாகப் பார்ப்போம்.

கடையில் நிற்பவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். ஒரு காலத்தில் ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் என்று உலாவியோடு செருகும் நிரல்கள் இருந்தன. அவை கணினியிலேயே தனி மென்பொருளாக உட்காரும். அந்த வகையைக் குரோம் 2015 செப்டம்பரில் கைவிட்டது. பயர்பொக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷ் தவிர மற்றதையெல்லாம் விட்டது. ஃபிளாஷும் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. ஆகவே இன்றைக்கு எந்தத் தளமாவது 'வீடியோ பார்க்க இந்த பிளகினை நிறுவுங்கள்', 'ஃபிளாஷை அப்டேட் செய்யுங்கள்' என்று கேட்டால் அது ஏமாற்று. யோசிக்காமல் மூடிவிடலாம்.

இன்றைய நீட்சிகள் உலாவிக்குள்ளேயே ஓடுகிற சின்ன நிரல்கள். அவற்றில் பாதி இப்போது தேவையே இல்லை. பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைக்கும் வசதி குரோமிலும் எட்ஜிலும் உள்ளேயே வந்துவிட்டது. பிடிஎஃப் திறக்கவும் தனியாக ஒன்றும் வேண்டாம். கூப்பன், வானிலை எல்லாம் கடைக்கு எதற்கு?

என் முடிவு இதுதான்: கடைக் கணினிக்கு பயர்பொக்ஸ், அதில் விளம்பரத்தைத் தடுக்க யூபிளொக் ஒரிஜின், பக்கங்களைச் சேமிக்க சிங்கிள்ஃபைல். அதற்கு மேல் ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் அது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். விண்டோஸ் 7 கணினிக்கு குரோம் 109தான் கடைசி, அது 2023 தொடக்கத்தில் வந்தது. பயர்பொக்ஸில் 115ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் கடைசி. அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் வேண்டாம். தட்டச்சுக்கும் பிரிண்டுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.


மூதூர் டீச்சர் · திங்கள், மாலை 4.30

யூபிளொக் ஒரிஜினுக்கு என்னுடைய வாக்கும். எங்கள் பிள்ளைகள் சாதாரண தர வினாத்தாள் தேடிப் போகும் தளங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக டவுன்லோட் பொத்தான்கள். உண்மையான இணைப்போ அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும். பிள்ளை பச்சைப் பொத்தானை அழுத்துகிறாள். வினாத்தாளுக்குப் பதிலாக ஒரு செயலி இறங்குகிறது, இல்லாவிட்டால் 'உங்கள் போனில் வைரஸ்' என்று ஒரு பக்கம் திறக்கிறது. பயந்துபோய் அதிலும் எதையாவது அழுத்துகிறாள். விளம்பரத் தடுப்பானைப் போட்ட பிறகு அந்தப் பொத்தான்கள் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. உண்மையான இணைப்பு மட்டும் மிஞ்சுகிறது.

அதோடு டேட்டா. இங்கே பல வீடுகளில் ஒரே ஒரு போன், அதில் சின்னப் பெக்கேஜ். ஒரு பக்கக் கட்டுரையை வாசிக்க அதைவிடப் பெரிய விளம்பரப் படங்களையும் தானாக ஓடும் வீடியோவையும் ஏன் இறக்கவேண்டும்? யூபிளொக் ஒரிஜினில் 'பெரிய ஊடகக் கோப்புகளைத் தடு' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எத்தனை கிலோபைட்டுக்கு மேல் என்பதை நாமே கொடுக்கலாம். தேவையான படத்தின் மேல் அழுத்தினால் அது மட்டும் இறங்கும். இணைப்பு மெதுவாக இருக்கும் இடங்களில் இது பெரிய உதவி.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பாடசாலையில் ஒரு பழைய சிடியில் ஃபிளாஷில் செய்த விஞ்ஞான பாடங்கள் இருக்கின்றன. நீர்ச்சக்கரம், மின்சுற்று, இதயம் இயங்கும் விதம் எல்லாம் தமிழ் விளக்கத்தோடு அழகாகச் செய்தவை. இப்போது எதிலும் திறக்கவில்லை. ஃபிளாஷ் முடிந்தது என்றால் அவையும் முடிந்ததா?


கோட்டைவீதி · திங்கள், இரவு 8.10

டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும். நான் இந்த மாவட்டத்துச் செய்திகளை மட்டும் போடும் ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன். மீனவர் சங்கக் கூட்டம், கந்தளாய்க் குளத்து நீர்மட்டம், வைத்தியசாலை கிளினிக் நாள் மாற்றம் போன்றவை கொழும்புப் பத்திரிகைகளில் வராது. சேர்வருக்கு டொலரில்தான் கட்டணம். 2022இல் டொலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து சில வாரங்களில் 360 வரை போனபோது தளத்தை மூடிவிடலாமா என்று வீட்டில் பேசினோம். அன்றைக்கு அதைத் தாங்கியது அந்தச் சில்லறை விளம்பர வருமானம்தான்.

ஒரு கொமியூனிகேஷன் கடையில் எல்லாக் கணினியிலும் தடுப்பான் போட்டால் அங்கே வரும் வாசகர்கள் எல்லாரும் எனக்குக் கணக்கில் இல்லாமல் போகிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இது ஒன்றும் இல்லை. எங்களுக்கு வலிக்கும்.


உப்புவெளி · திங்கள், இரவு 9.40

கோட்டைவீதி அண்ணே, உங்கள் தளத்தை நானும் வாசிக்கிறேன். மழைக்காலத்தில் எந்தப் பாதை வெள்ளத்தில் இருக்கிறது என்பதை முதலில் சொல்வது நீங்கள்தான். அதனால் என்னுடைய உலாவியில் உங்கள் தளத்துக்குத் தடுப்பானை நிறுத்தி வைத்திருக்கிறேன். யூபிளொக் ஒரிஜினின் சின்னத்தை அழுத்தினால் பெரிய நீலப் பொத்தான் வரும். அதை ஒருமுறை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் நிரந்தரமாக நின்றுவிடும். மத்தியவீதி அண்ணனும் உள்ளூர்த் தளங்களுக்கு இதைச் செய்து வைக்கலாம்.

ஆனால் 'தடுப்பானே வேண்டாம்' என்பதை ஏற்க முடியாது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், தேடல் முடிவுகளில் மோசடி விளம்பரங்கள் வருவதால் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னது. வாசகரின் பணத்துக்கும் தரவுக்கும் பாதுகாப்பு என்ற அளவுக்கு இது வந்துவிட்டது. உங்கள் தளத்தில் எந்த விளம்பரம் வரும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, விளம்பர வலையமைப்புதான் தீர்மானிக்கிறது. நீங்கள் நல்லவராக இருந்தும் உங்கள் பக்கத்தில் ஒரு போலி விளம்பரம் வர முடியும்.

ஒரு யோசனை சொல்கிறேன். ஊர்க் கடைகளிடம் நேரடியாக விளம்பரம் வாங்குங்கள். நிலாவெளி விருந்தினர் விடுதிகள், நகரத்து நகைக்கடை, டியூட்டரிகள் இருக்கின்றன. அதைச் சாதாரணப் படமாக உங்கள் சொந்தச் சேர்வரிலேயே போடுங்கள். தடுப்பான்கள் விளம்பர வலையமைப்புகளின் முகவரிகளையும் விளம்பரப் பெட்டிகளின் வழக்கமான பெயர்களையும் பட்டியல் வைத்துத் தடுக்கின்றன. உங்கள் தளத்திலிருந்தே வரும் ஒரு சாதாரணப் படம் பெரும்பாலும் அதில் மாட்டாது. வாசகரைப் பின்தொடர்வதும் இல்லை.


கோட்டைவீதி · திங்கள், இரவு 10.05

நேரடி விளம்பரம் பற்றி யோசித்ததுண்டு. ஆனால் தடுப்பானில் மாட்டாது என்பது எனக்குத் தெரியாது. டியூட்டரிகள் ஜனவரியில் எப்படியும் நோட்டீஸ் அடிப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். நன்றி தம்பி.


கிண்ணியா வாசகன் · செவ்வாய், காலை 7.20

அஸ்ஸலாமு அலைக்கும். பாமினி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் நெடுநாள் வேலை. எங்கள் பகுதி எழுத்தாளர்களின் பழைய கட்டுரைகளைத் தேடிச் சேர்த்து வருகிறேன். 2000களின் தொடக்கத்தில் வலையேறிய பல தளங்கள் பாமினியில்தான் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தாகத் தெரியும், தமிழில் மெய்ப்புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். அதைப் பார்த்ததும் 'இது பாமினி' என்று நம் ஆட்களுக்குக் கண் சொல்லிவிடும்.

வாசிக்க மட்டும் போதுமென்றால் ஸ்டைலஸ் என்ற நீட்சி போதும். பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவிவிட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் 'எல்லா எழுத்தையும் பாமினியில் காட்டு' என்று ஒரு வரி விதி எழுதிவிட்டால் பக்கம் தமிழில் தெரியும். ஆனால் நகல் எடுத்தால் மறுபடியும் ஆங்கிலக் குப்பைதான். தேடவும் முடியாது. வேர்டில் ஒட்டவும் முடியாது.

இன்றைக்கு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடாக மாற்றுவதுதான் முறை. முன்பு பயர்பொக்ஸில் பத்மா என்று ஒரு நீட்சி இருந்தது. தெலுங்கு முதலிய இந்திய மொழிகளின் பழைய எழுத்துருக் குறியீட்டைப் பக்கத்திலேயே யூனிகோடாக மாற்றிக் காட்டும். அது பழைய வகை நீட்சி. 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் 57 வந்தபோது அந்த வகை முழுவதும் நின்றுபோனது. இப்போது நான் வயலண்ட்மங்கி என்ற நீட்சிக்குள் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன். பக்கம் திறந்ததும் எழுத்துகளை மாற்றிவிடும். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் சரிவராது. கொம்பும் இரட்டைக் கொம்பும் பாமினியில் எழுத்துக்கு முன்னால் இருக்கும், யூனிகோடிலோ மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். கொ, கோ போன்ற எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு குறிகளையும் சேர்த்து ஒன்றாக்கவேண்டும். அதனால் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டுத் தனி எழுத்துகளுக்குக் கடைசியில் வரவேண்டும். இந்த ஒழுங்கைப் பிடித்துவிட்டால் மீதி சுலபம்.

மத்தியவீதி அண்ணன் கடைக்கு இந்த நிரலைத் தருகிறேன். எந்தெந்தத் தளத்தில் ஓடவேண்டும் என்று பெயர் குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன். மற்றப் பக்கங்களைத் தொடாது.


மத்தியவீதிக் கடை · செவ்வாய், காலை 9.00

வஅலைக்கும் ஸலாம். மிக்க நன்றி நானா. போன கிழமை ஒரு பெரியவர் தன் தகப்பனாரைப் பற்றிய நினைவுக் கட்டுரையை அச்சடித்துத் தரச்சொல்லி இணைப்போடு வந்தார். பாமினி என்று தெரிந்தும் கையில் வழியில்லை. வேறிடம் பாருங்கள் என்று அனுப்ப மனம் வரவில்லை, அதனால்தான் கேட்டேன். இப்போது அவரைக் கூப்பிடலாம்.


நிலாவெளி மாணவி · செவ்வாய், பிற்பகல் 1.45

நான் இங்கே வளாகத்தில் படிக்கிறேன். ஆய்வறிக்கை எழுதுகிறவர்களுக்கு, உசாத்துணைப் பட்டியல் தொகுக்கும் மென்பொருளான சொட்டேரோவின் இணைப்பு நீட்சி மிகவும் உதவும். கட்டுரைப் பக்கத்தில் நின்று ஒருமுறை அழுத்தினால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் பட்டியலுக்குள் போய்விடும். கடைக்குத் தேவைப்படாது, படிக்கிறவர்களுக்காகச் சொன்னேன்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை திருத்தும் நீட்சி ஒன்றைப் போட்டபோது 'நீங்கள் பார்க்கும் எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம்' என்று அனுமதி கேட்டது. யூபிளொக்கும் அதையேதான் கேட்கிறது. ஒன்றை நம்பி மற்றொன்றை நம்பாமல் இருப்பது எப்படி?


உப்புவெளி · செவ்வாய், இரவு 8.30

தங்கச்சி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த அனுமதி சொல்வது அப்படியே உண்மை. எல்லாத் தளத்திலும் படிக்கலாம் என்றால், நீங்கள் தட்டும் கடவுச்சொல், அடையாள அட்டை எண், பரீட்சைச் சுட்டெண், வங்கிப் பக்கத்து மீதி எல்லாம் அந்த நிரலின் கண்ணுக்குத் தெரியும். பூட்டுச் சின்னம் உள்ள தளமா இல்லாத தளமா என்பதால் வித்தியாசம் இல்லை. தரவு போகும் வழியில் திருடுபவனைத்தான் பூட்டு தடுக்கும். நீட்சி இருப்பது வீட்டுக்குள்ளே.

ஆகவே கேட்கவேண்டியது மூன்று விஷயம். இந்த வேலைக்கு இந்த அனுமதி உண்மையில் தேவையா? விளம்பரத்தைத் தடுக்க ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தே ஆகவேண்டும், அதனால் யூபிளொக் கேட்பது நியாயம். வானிலை காட்டும் நீட்சிக்கு உங்கள் வங்கிப் பக்கம் எதற்கு? அடுத்தது, படித்ததை எங்கே அனுப்புகிறது? யூபிளொக் தன் வேலையை உங்கள் கணினிக்குள்ளேயே முடிக்கிறது. எழுத்துப்பிழை திருத்துபவை நீங்கள் எழுதியதைப் பொதுவாகத் தங்கள் சேர்வருக்கு அனுப்பித்தான் திருத்துகின்றன. காதல் கடிதமானாலும் ஆய்வறிக்கையானாலும் போகும். கடைசியாக, அதற்குப் பின்னால் யார், அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? யூபிளொக்கின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அதை எழுதிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை.

இந்த மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் நீட்சிகள் கைமாறும். த கிரேட் சஸ்பெண்டர் என்று தாவல்களை உறங்க வைக்கும் நல்ல நீட்சி ஒன்று இருந்தது. இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020இல் எழுதியவர் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். புதிய உரிமையாளர் பின்னர் விட்ட பதிப்பில் வெளியிலிருந்து நிரலை இழுத்து ஓடவிடும் வழி இருந்தது. 2021 பெப்ரவரியில் தீங்கு நிரல் என்று சொல்லி கூகுள் அதைத் தூக்கியது. வைத்திருந்தவர்கள் எதையும் புதிதாக நிறுவவில்லை. அவர்கள் நம்பிப் போட்ட அதே நீட்சிதான், தானாக அப்டேட் ஆகி வேறொன்றாக மாறிவிட்டது.

கைமாறாமலும் நடக்கும். 2024 டிசம்பரில் நத்தாரையொட்டி சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியரை ஒரு போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, அவர்களுடைய நீட்சியில் திருட்டு நிரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். அதோடு வேறு பல நீட்சிகளும் அதே வகையில் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. பாதுகாப்பே தொழிலாக உள்ளவர்களுக்கே இப்படி.

அதனால் நான் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு நீட்சியும் இன்றைக்கு நல்லதாக இருந்தால் போதாது, நாளைக்கும் நல்லவர் கையில் இருக்கவேண்டும். பயர்பொக்ஸின் நீட்சித் தளத்தில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற முத்திரை உள்ளவற்றை, பயர்பொக்ஸை வெளியிடும் மொசில்லாவின் ஆட்கள் பதிப்புக்குப் பதிப்பு பார்க்கிறார்கள். அவற்றிலிருந்து எடுப்பது நல்லது. குரோமில் ஒரு நீட்சியை வைத்தே ஆகவேண்டுமென்றால் அதன் விவரத்தில் போய் 'கிளிக் செய்தால் மட்டும்' என்று மாற்றுங்கள். நீங்கள் அழுத்தும்போது மட்டும்தான் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியும்.


மத்தியவீதிக் கடை · செவ்வாய், இரவு 9.15

வாசித்து முடித்ததும் கடைக்குள் போய் அந்தக் கூப்பன் நீட்சியைத்தான் முதலில் நீக்கினேன். பிள்ளைகள் சுட்டெண் தட்டும் கணினி அது.

இன்னொன்று. ஒருவர் மின்னஞ்சலைத் திறந்துவிட்டு வெளியேறாமல் போகிறார், அடுத்தவர் வந்து உட்காருகிறார். இதற்கும் நீட்சி இருக்கிறதா?


உப்புவெளி · செவ்வாய், இரவு 9.50

அதற்கு நீட்சி வேண்டாம் அண்ணே. குரோமில் விருந்தினர் சாளரம் இருக்கிறது. மூடியதும் வரலாறு, உள்நுழைவு எல்லாம் அழியும். ஆனால் அதில் எந்த நீட்சியும் ஓடாது, தடுப்பானும்தான். நான் பயர்பொக்ஸைச் சொன்னதற்கு இது ஒரு காரணம். பயர்பொக்ஸில் யூபிளொக்கின் விவரத்துக்குள் 'தனிப்பட்ட சாளரங்களில் இயக்கு' என்று அனுமதி கொடுக்கலாம். பிறகு வாடிக்கையாளரைத் தனிப்பட்ட சாளரத்தில் உட்கார வைத்தால் தடுப்பானும் இருக்கும், மூடியதும் தடயமும் போய்விடும். ஒவ்வொருவரும் எழுந்ததும் சாளரத்தை மூடிவிடவேண்டும், அவ்வளவுதான்.

கடவுச்சொல் காப்பு நீட்சிகளைக் கடைக் கணினியில் போடவே வேண்டாம். பிட்வார்டன் நல்லது, மூல நிரல் திறந்தது, இலவசம். ஆனால் அதை உங்கள் சொந்த லெப்டொப்பிலும் போனிலும் வையுங்கள்.

பயர்பொக்ஸைச் சொன்னதற்கு இன்னொரு காரணம், முழு யூபிளொக் ஒரிஜின் இப்போது குரோமில் ஓடாது. குரோம் நீட்சிகளுக்கான விதிமுறையை மேனிஃபெஸ்ட் மூன்றாம் பதிப்புக்கு மாற்றியது. முன்பு பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்து 'இதை விடலாம், இதை விடக்கூடாது' என்று முடிவெடுக்கும். இப்போது விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கவேண்டும். அதற்கேற்பச் செய்த யூபிளொக் ஒரிஜின் லைட் இருக்கிறது, சாதாரண பாவனைக்குப் பரவாயில்லை. ஆனால் அதில் முழுப் பதிப்பின் நுணுக்கங்கள் எல்லாம் கிடைக்காது. பயர்பொக்ஸில் முழுப் பதிப்பு ஓடுகிறது. அதன் பட்டியல்களுக்குள் வட்டாரப் பகுதியில் இந்தியா, இலங்கை, நேபாளத்துக்கென இண்டியன்லிஸ்ட் என்று ஒன்று இருக்கும். அதையும் தெரிவு செய்துவிடுங்கள், நம் மொழித் தளங்களில் வருவதை இன்னும் சரியாகப் பிடிக்கும்.


தம்பலகாமம் · புதன், காலை 6.40

அம்மாவுக்குக் கண்ணில் புரை. பத்திரிகைத் தளங்களைத் தினமும் வாசித்தவர், இப்போது முடியவில்லை. தமிழை வாசித்துக் காட்டும் நீட்சி ஏதும் உண்டா?


நிலாவெளி மாணவி · புதன், காலை 7.30

நீட்சி இல்லாமலே முடியும் அண்ணா. எட்ஜ் உலாவியில் 'உரக்க வாசி' என்று ஒரு வசதி இருக்கிறது. குரல் தெரிவில் தமிழைப் பார்த்தால் இலங்கைத் தமிழுக்கென்றே சரண்யா, குமார் என்று இரண்டு குரல்கள் வரும். இணைய இணைப்பு வேண்டும். வேகத்தைக் குறைத்து வைத்தால் அம்மாவுக்கு இதமாக இருக்கும். விளம்பரம் நடுவில் வந்தால் அதையும் சேர்த்து வாசித்துவிடும், அதனால் முதலில் வாசிப்பு முறைக்கு மாற்றிவிட்டுப் பிறகு குரலைப் போடுங்கள்.


தம்பலகாமம் · புதன், இரவு 7.55

சரண்யா குரலில் இன்றைக்கு ராசிபலன் முதல் மரண அறிவித்தல் வரை எல்லாம் கேட்டுவிட்டார். தங்கச்சிக்கு அம்மா தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார்.


கிண்ணியா வாசகன் · புதன், இரவு 9.10

பக்கங்களைச் சேமிப்பது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. உலாவியின் சாதாரண 'சேமி' ஒரு கோப்பும் அதோடு ஒரு கோப்புறையும் தரும். பென் டிரைவில் கோப்பை மட்டும் போட்டுக்கொண்டு போனால் படங்கள் எல்லாம் போய்விடும். சிங்கிள்ஃபைல் படங்கள், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடக்கிவிடும். எந்தக் கணினியிலும் இணையமில்லாமல் திறக்கும். என் பாமினி நிரல் ஓடி முடிந்த பிறகு சேமித்தால், சேமித்த கோப்பிலும் யூனிகோட் தமிழ்தான் இருக்கும். அந்தப் பெரியவரின் கட்டுரையை அப்படிச் செய்து கொடுங்கள் அண்ணே.

அதோடு, அந்தப் பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் ஏற்றுங்கள். அதற்கு அவர்களே வெளியிட்ட நீட்சி இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் பக்கத்தின் பிரதி அங்கே போகும். நம் நூல்களையும் சஞ்சிகைகளையும் நூலகம் திட்டத்தார் 2005 முதல் வருடி வைத்து வருகிறார்கள். ஆனால் வலையில் மட்டும் பிறந்த எழுத்துகளுக்கு அச்சுப் பிரதி கிடையாது. தளத்தை நடத்தியவர் கட்டணம் கட்டாமல் விட்டால் ஒரே நாளில் மறைந்துவிடும். நான் தேடிப்போன பலவற்றுக்கு இப்போது முகவரி மட்டும்தான் மிச்சம். அதனால் நல்ல கட்டுரை ஒன்றைக் கண்டால் வாசிக்கிறவரே ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.


மூதூர் டீச்சர் · வியாழன், மாலை 3.50

பிள்ளைகளின் போனில் என்ன செய்யலாம்? எல்லாரிடமும் குரோம்தான் இருக்கிறது.

என் ஃபிளாஷ் சிடியையும் மறந்துவிட வேண்டாம்.


உப்புவெளி · வியாழன், இரவு 8.20

டீச்சர், அன்ட்ரொயிட் குரோமில் நீட்சி போட முடியாது. பயர்பொக்ஸில் முடியும். முன்பு சில நீட்சிகளுக்கு மட்டும் இடம் கொடுத்திருந்தார்கள், 2023 டிசம்பரில் நூற்றுக்கணக்கானவற்றுக்குத் திறந்துவிட்டார்கள். யூபிளொக் ஒரிஜின் அதில் முழுமையாக ஓடும், நீங்கள் சொன்ன பெரிய ஊடகத் தடுப்பும் சேர்த்து. சிலர் கீவி உலாவியைப் பரிந்துரைப்பார்கள். அது 2025 ஜனவரியோடு நின்றுவிட்டது, வேண்டாம்.

ஃபிளாஷ் பாடங்கள் முடியவில்லை டீச்சர். ரஃபிள் என்ற நீட்சி இருக்கிறது. பழைய ஃபிளாஷ் பிளேயரை நிறுவாமல், அதன் வேலையைப் புதிதாக எழுதிய நிரலால் உலாவிக்குள்ளேயே செய்து காட்டுகிறது. பழைய பிளேயரை எங்கேயாவது தேடி இறக்கி நிறுவ வேண்டாம், அது பாதுகாப்பு ஓட்டைகளோடு நின்றுபோன ஒன்று. ரஃபிளின் பிளேயர் பக்கத்தைத் திறந்து சிடியில் உள்ள பாடக் கோப்பைத் தெரிவு செய்தால் ஓடும்.


மூதூர் டீச்சர் · வெள்ளி, மாலை 5.05

நீர்ச்சக்கரம் ஓடுகிறது! ஆறாம் வகுப்புக்கு இன்றைக்கே காட்டினேன். மேகம் கறுத்து மழை விழும் இடத்தில் திரும்பப் போடச் சொல்லிச் சத்தம். இதயமும் ஓடுகிறது. மின்சுற்றுப் பாடத்தில் படம் வருகிறது, ஆனால் வயரை இழுத்து பல்போடு சேர்க்கும் பயிற்சி அசையவில்லை.


உப்புவெளி · வெள்ளி, இரவு 7.30

ஃபிளாஷில் உள்ள நிரல் மொழியின் முதல் இரண்டு பதிப்புகளை ரஃபிள் நன்றாகக் கையாளும், மூன்றாவதில் இன்னும் முழுமை இல்லை. அந்தப் பயிற்சி மூன்றாவதில் எழுதியதாக இருக்கவேண்டும். ரஃபிளின் புதிய பதிப்புகள் அடிக்கடி வருகின்றன, அதனால் கோப்பை அழித்துவிடாமல் வைத்திருங்கள். கணினியில் தனியாக ஓடும் ரஃபிளும் இருக்கிறது, அதிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை நகருக்கு வந்தால் சிடியை மத்தியவீதி அண்ணன் கடைக்குக் கொண்டு வாருங்கள். பயர்பொக்ஸ் அமைத்துக் கொடுக்க நானும் பத்து மணிக்கு அங்கேதான் வருகிறேன்.


மத்தியவீதிக் கடை · வெள்ளி, இரவு 8.00

வாருங்கள் டீச்சர். சிடி டிரைவ் வேலை செய்வது அந்த விண்டோஸ் 7 கணினியில் மட்டும்தான். முதலில் அதில் போட்டு எல்லாக் கோப்பையும் பென் டிரைவுக்கு மாற்றிவிடுவோம்.